நடந்தால் தலை சுற்றுகிறதா? நடப்பதை விட்டுவிடாதீர்கள்



நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு வலி என்று கிளினிக்குக்குப் போகும் எல்லோருக்கும் இப்போது ஒரு புத்திமதி தவறாமல் கிடைக்கிறது. "நடவுங்கோ, உடற்பயிற்சி செய்யுங்கோ" என்பதே அது. நல்ல புத்திமதிதான். ஆனால் எங்கள் கிராமங்களில் பின்னேரங்களில் பெண்களை ஒன்றுசேர்த்து, பொதுநோக்கு மண்டபத்தில் உடற்பயிற்சி தொடங்கினால் இரண்டாம் கிழமையிலேயே வரவு குறையத் தொடங்கிவிடுகிறது. வராமல் நின்றவர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டால், "நேரமில்லை" என்பதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் பதில், "செய்தால் தலை சுத்துது" என்பதுதான்.

ஓர் அம்மா இதை இப்படிச் சொன்னார்: "டொக்டர் நடக்கச் சொல்லுறார் பிள்ளை, தலை நடக்காத எண்டுது. நான் ஆரின்ரை சொல்லைக் கேக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இம்மாதப் பக்கம். நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்ல. எனினும் பெண்களுடன் கூடவே வைத்தியசாலைக்குப் போய், வைத்தியர்களும் இயன்மருத்துவர்களும் சொல்வதைக் கேட்டு, வீடு திரும்பிய பின் அது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்று பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. அப்படி அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைச்சுற்று என்பது ஒரு வருத்தத்தின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. சில தலைச்சுற்றுக்கு உடனடி வைத்தியம் வேண்டும். சிலவற்றுக்குச் சாப்பாடும் தண்ணீரும் இரும்புச்சத்தும் வேண்டும். சிலவற்றுக்கோ எந்த அசைவு கிறுதியைக் கொண்டுவருகிறதோ அந்த அசைவே மருந்தாகிறது. எது எந்த வகை என்று அறியாமல் எல்லாவற்றுக்கும் "படுத்திரு" என்று சொல்வதால்தான் பல பெண்களின் வாழ்க்கை ஒரு பாயின் அளவுக்குச் சுருங்கிப் போகிறது.

ஏன் மறைக்கிறோம்?

காலில் முள் குத்தினால் அடுத்த வீட்டுக்குச் சொல்லும் நாங்கள், தலைச்சுற்றைச் சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு. காதில் இருந்து வரும் தலைச்சுற்றுடன் சத்தியும் வருவது சாதாரணம். ஆனால் கணவனை இழந்த, அல்லது கணவன் எங்கே என்று தெரியாத ஒரு பெண், தலை சுற்றிச் சத்தி எடுத்தால் அயல் என்ன கதைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கதைக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இன்னும் சிலர், வருத்தக்காரி என்று தெரிந்தால் வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். வேறு சிலரை நாவூறு கழிக்கக் கொண்டுபோகிறார்களே தவிர வைத்தியரிடம் கொண்டுபோவதில்லை.

ஐம்பது வயதை அண்மித்த ஓர் அக்காவின் நிலையைச் சொல்கிறேன். 2009 இல் செல் விழுந்தபோது தலையில் அடிபட்டவர். இடது காது அன்றிலிருந்து மந்தம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். எங்கள் வகுப்பில் ஒருநாள் பாயில் படுத்துக் கால் தூக்கும் பயிற்சி செய்தபோது கூரை சுழன்றதாம். எழும்பிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வகுப்புக்கு வருவதை நிறுத்தினார். பிறகு அண்ணாந்து கொடியில் உடுப்புப் போடுவதை நிறுத்தினார். பிறகு சைக்கிள் ஓடுவதை நிறுத்தினார். பின்னால் வாகனம் வருகிறதா என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை என்பதே காரணம். கடைசியில் இரவில் தலையணையைச் சுவரில் சாய்த்து, இருந்தபடியே நித்திரை கொள்ளத் தொடங்கினார். ஓராண்டு காலம் இப்படிப் போயிருக்கிறது. அவருடைய வருத்தத்துக்குச் சில நிமிடங்களில் செய்யக்கூடிய சிகிச்சை ஒன்று இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஒரே சொல், நான்கு வருத்தம்

"தலை சுத்துது" என்று ஒருவர் சொல்லும்போது, நான் கேட்கும் முதற் கேள்வி, "அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்பதுதான். பதில்கள் பெரும்பாலும் நான்கு வகையாக இருக்கும்.

ஒன்று, கண் இருட்டி, விழுந்துவிடுவேன் போல இருக்கிறது என்பது.

இரண்டு, வீடும் கூரையும் சுழல்கின்றன என்பது.

மூன்று, தலையில் ஒன்றும் இல்லை, கால்தான் நிலையில்லாமல் தள்ளாடுகிறது என்பது.

நான்கு, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, தலை காற்றில் மிதப்பது போல இருக்கிறது என்பது.

அடுத்த கேள்விகள்: எந்த அசைவில் வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது? வேறு என்ன சேர்ந்து வருகிறது? இந்த விபரங்கள் இருந்தால் வைத்தியருக்கும் வேலை இலகு.

கண் இருட்டி வருவது

இது பெரும்பாலும் மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறைவதால் வருகிறது. வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிவிட்டுச் சட்டென்று எழும்பும்போது வருவது இதுதான். வேகமாக நடந்துவிட்டு அப்படியே நிற்கும்போதும் வரும். நடக்கையில் கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று நின்றால் அந்தத் தள்ளுதல் நின்றுவிடுகிறது. விரிந்திருக்கும் இரத்தக் குழாய்களில் இரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே பயிற்சி முடியும்போது ஐந்து முதல் பத்து நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்துதான் நிற்க வேண்டும். குந்தியிருந்து எழும்பும்போது முதலில் காலை அசைத்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, பாதி எழும்பி, ஒரு மூச்சு விட்டு, பிறகு நிமிருங்கள்.

இந்த வகைக்கு வேறு காரணங்களும் உண்டு.

தண்ணீரும் சாப்பாடும்: காலையில் வெறும் பிளேன்ரீயுடன் வேலைக்குப் போய், மத்தியானம் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு, பின்னேரம் வெறும் வயிற்றோடு உடற்பயிற்சிக்கு வந்தால் தலை சுற்றத்தான் செய்யும். எங்கள் பகுதி வெயிலில் உடல் இழக்கும் நீர் கொஞ்சமல்ல. வெளியில் போனால் மலசலகூட வசதி இல்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலர். பயிற்சிக்கு முன் ஒரு குவளை தண்ணீரும், ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் அவித்த கடலையோ போதும்.

இரத்தச்சோகை: கர்ப்பிணி அல்லாத வளர்ந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. மாதவிடாயின்போது அதிகம் போகிறது என்றால் அதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். முருங்கையிலை, பயறு, கௌபி, நெத்தலி, ஈரல் ஆகியவற்றைச் சாப்பாட்டில் சேருங்கள். தேசிக்காய்ச் சாறு இரும்புச்சத்தை உடலில் சேர உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

குளிசைகள்: இரத்த அழுத்தத்துக்கான சில குளிசைகள், எழும்பும்போது அழுத்தத்தை அதிகமாக இறக்கிவிடும். படுத்திருந்து பார்த்த மேல் அளவு, எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் வைத்தியர் குளிசையை மாற்றியோ அளவைக் குறைத்தோ தரக்கூடும். "நிக்க வைச்சும் ஒருக்காப் பாருங்கோ" என்று கேளுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நீரிழிவு: இன்சுலின் அல்லது நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சீனி இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, பசி, தலைச்சுற்று என்பன சேர்ந்து வந்தால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் மீண்டும் குடியுங்கள். அதன்பின் சாப்பிட வேண்டும். பயிற்சிக்கு வரும்போது சிறிய போத்தலிலோ பையிலோ சீனி இருக்கட்டும்.

வீடு சுழல்வது

எங்கள் உட்காதில் கேட்பதற்கான உறுப்பு மட்டும் இல்லை. உடல் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பும் அங்கேதான் இருக்கிறது. அரைவட்டமான மூன்று நுண்ணிய குழாய்களில் நீர்மம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்த நீர்மம் அசைந்து, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்கு அறிவிக்கிறது. அதன் பக்கத்தில், சுண்ணாம்புப் பொருளாலான மிகச் சிறிய பளிங்குத் துகள்கள் ஒரு படுக்கையில் ஒட்டியிருக்கின்றன. வயது போவதாலோ தலையில் அடிபடுவதாலோ அவை கழன்று, குழாய்க்குள் போய்விடலாம். அப்படிப் போனால், பாயில் படுக்கும்போது, புரண்டு படுக்கும்போது, அண்ணாந்து பார்க்கும்போது அல்லது குனியும்போது வீடு சுழலும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அடுத்த அசைவில் மீண்டும் வரும்.

செல் வெடிப்பின் அதிர்ச்சி காதுச் சவ்வைக் கிழிப்பதோடு உட்காதையும் பாதிக்கக்கூடியது. தலையில் அடிபட்டவர்களுக்கும் இந்தத் துகள் கழன்ற தலைச்சுற்று வருவதுண்டு. ஆகவே எங்களில் பலருக்கு இது புதுமையான விடயம் அல்ல. காரணம் தெரியாமல் இருந்ததுதான் பிரச்சினை.

மேலே சொன்ன அக்காவைக் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். வைத்தியர் அவரைக் கட்டிலில் இருத்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, சடுதியாகப் படுக்க வைத்துக் கண்களைப் பார்த்தார். எந்தப் பக்கக் காது என்று கண்ணின் துடிப்பிலேயே தெரிந்துவிடுமாம். பிறகு தலையை வரிசைக்கிரமமாக ஒவ்வொரு கோணத்திலும் சிறிது நேரம் வைத்திருந்து, கழன்ற துகளை வந்த வழியே வெளியேற்றினார். அமெரிக்கக் காது வைத்தியரான ஜோன் எப்லி உருவாக்கி, 1992 இல் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்ட முறை இது. ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை. அன்றிரவு அக்கா ஓராண்டுக்குப் பிறகு படுத்து நித்திரை கொண்டார்.

இதை ஆராவது செய்ததைப் பார்த்துவிட்டு வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரிய வேண்டும். கழுத்தில் அல்லது தலையில் செல் துண்டு இருப்பவர்களும், கழுத்து எலும்பில் காயப்பட்டவர்களும் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கால் தள்ளாடுவது

துகள் போனபிறகும் அக்காவின் கால் நேராக நிற்கவில்லை. "சுத்து நிண்டுட்டுது பிள்ளை, ஆனா நிலம் இன்னும் பஞ்சு மாதிரி" என்றார்.

அடுப்புக்கு மூன்று கல் வைக்கிறோம். உடலின் சமநிலைக்கும் மூன்று கல் உண்டு. கண் ஒன்று. உட்காது ஒன்று. பாதமும் மூட்டுகளும் தசைகளும் தரும் உணர்வு ஒன்று. ஒரு கல் நகர்ந்தால் பானை சரியும். நீரிழிவால் பாதம் மரத்துப் போனவருக்கும் செயற்கைக் கால் போட்டவருக்கும் மூன்றாவது கல் பலவீனம். பார்வை குறைந்தவருக்கும், இருட்டில் நடப்பவருக்கும் முதற்கல் இல்லை. காது பாதிக்கப்பட்டவர் முகம் கழுவக் கண்ணை மூடும்போது சரிவதற்குக் காரணமும் இதுவே.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு கல் பழுதானால் மற்ற இரண்டையும் கொண்டு பானையை நிமிர்த்தி வைக்க மூளையால் பழகிக்கொள்ள முடியும். ஆனால் அசையாமல் இருந்தால் மூளைக்கு அந்தப் பழக்கம் வராது.

இதை உலகம் அறிந்ததும் ஒரு போர்க்காலத்தில்தான். இரண்டாம் உலகப் போர் நடந்த 1940களில், இங்கிலாந்தில் தலையில் காயப்பட்டவர்களுக்கும் உட்காதில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் தீராத தலைச்சுற்று இருந்தது. ரெரன்ஸ் கோதோர்ண் என்ற காது சத்திரசிகிச்சை நிபுணரும், குக்சி என்ற வைத்தியரும் அவர்களைக் கவனித்தார்கள். படுக்கையில் கிடந்தவர்களைவிட, தலைச்சுற்றோடும் எழும்பி நடமாடியவர்கள் சீக்கிரம் குணமானார்கள். எனவே எந்த அசைவு தலைச்சுற்றைத் தருகிறதோ அதையே சிறிது சிறிதாகப் பழக்கும் பயிற்சிகளை அவர்கள் வகுத்தார்கள். தனியாக விடாமல் குழுவாகச் செய்ய வைத்தார்கள். இன்றும் உலகெங்கும் இயன்மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளுக்கு அதுவே அடிப்படை.

கடையில் வாங்கும் தலைச்சுற்றுக் குளிசை பற்றியும் ஒரு வார்த்தை. கடும் சுழற்சியும் சத்தியும் உள்ள முதல் ஓரிரு நாட்களுக்கு வைத்தியர் அதைத் தருவார். மாதக்கணக்கில் போட்டால், மூளை பழகுவதை அதுவே தாமதப்படுத்தும். புரோகுளோர்பெரசின் போன்றவற்றை நெடுநாள் பாவித்தால் கைகால் நடுக்கமும் இறுக்கமும் வரலாம்.

நெஞ்சு படபடத்து வருவது

வேகமாக நடந்தால் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பயந்து ஓடும்போதும் அதேதான் நடக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவரின் உடலுக்கு, பின்னேர நடையில் வரும் படபடப்பும் அன்றைய படபடப்பும் ஒன்றுபோலவே தெரியலாம். உடனே பயம் வருகிறது. பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகிறது. மூச்சு அளவுக்கு மீறி வேகமானால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கித் தலை மிதக்கிறது. விரலும் உதடும் விறைக்கின்றன. பாதிக்கப்பட்டவர் "சாகப்போறன்" என்றே நினைப்பார்.

இது பைத்தியம் அல்ல. நடிப்பும் அல்ல. இதயத்திலும் இரத்தத்திலும் குறை இல்லை என்று ஒருமுறை பரிசோதித்துக்கொண்டால், பிறகு இதைக் கையாளப் பழகலாம். நின்று, பாதம் நிலத்தில் பதிந்திருப்பதை உணருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். கண்ணை மூடாமல், எதிரே தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள்: வேலி, பனை, ஆடு, சைக்கிள், தண்ணீர்த் தாங்கி என்று. படபடப்பு அடங்கியதும் வீட்டுக்கு ஓடாமல், இன்னும் பத்து அடி நடந்துவிட்டுத் திரும்புங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அடிக்கடி வந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கதைக்கலாம். அங்கு போவது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை விட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுதல். இது இதய நோயின் அறிகுறியாக இருக்கலாம். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

நெஞ்சு வலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், தாறுமாறான இதயத் துடிப்பு.

முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கைகால் பலம் இழத்தல், இரண்டு இரண்டாகத் தெரிதல், துணையின்றி ஓர் அடிகூட வைக்க முடியாமை.

முன்பு ஒருபோதும் வராத கடும் தலையிடி, திடீரெனக் காது கேளாமை, விழுந்து தலையில் அடிபட்ட பின் வரும் தலைச்சுற்று, கறுப்பு நிறமாக மலம் போதல்.

கர்ப்பிணிகள் எந்த வகைத் தலைச்சுற்றையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யும் பயிற்சி

வைத்தியர் பார்த்து, ஆபத்தான காரணம் இல்லை என்று சொன்ன பிறகு இவற்றைத் தொடங்கலாம். இயன்மருத்துவர் இருந்தால் அவர் சொல்வதே முதன்மை. கழுத்துக் காயம், தலையில் செல் துண்டு, அண்மையில் கண் சத்திரசிகிச்சை என்பன உள்ளவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இடம் முக்கியம். சுவரின் மூலையில் முதுகு இருக்க நின்றால் எந்தப் பக்கம் சரிந்தாலும் சுவர் தாங்கும். பிளாஸ்ரிக் கதிரையைப் பிடித்து நிற்காதீர்கள், அது உங்களோடு சேர்ந்து சரியும். கிணற்றடி, அடுப்படி, ஈரமான சீமெந்து நிலம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். தலைச்சுற்று உள்ள காலத்தில் துலாக்கிணற்றிலோ கட்டுக் குறைந்த கிணற்றிலோ தனியே தண்ணீர் அள்ள வேண்டாம்.

முதற் கிழமை, இருந்தபடி: கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தி, தலையை அசைக்காமல் விரலை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் கண்ணால் தொடருங்கள். பிறகு விரலை அசைக்காமல், அதிலேயே பார்வையை வைத்துக்கொண்டு தலையை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். அடுத்து, நிலத்தில் உள்ள ஒரு பொருளைக் குனிந்து எடுத்து நிமிருங்கள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை.

இரண்டாம் கிழமை, நின்றபடி: கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருங்கள். காலைச் சேர்த்து வைத்து அரை நிமிடம் நில்லுங்கள். ஒரு தேசிக்காயைக் கண் மட்டத்துக்கு மேலே ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறிந்து பிடியுங்கள்.

மூன்றாம் கிழமை முதல், நடந்தபடி: நடந்துகொண்டே வலது பக்கமும் இடது பக்கமும் பாருங்கள். ஒரு காலின் குதியை மறுகாலின் விரலோடு தொட்டு வைத்து, சுவரோரமாக நடவுங்கள். பிறகு மணலிலும் சிறு ஏற்றத்திலும் நடவுங்கள்.

நாளுக்கு மூன்று தடவை, ஐந்து நிமிடம் வீதம் போதும். செய்யும்போது சிறிது கிறுதி வரவேண்டும். வராவிட்டால் மூளைக்குப் பழக ஒன்றும் இல்லை. பத்துக்கு மூன்று அல்லது நான்கு என்ற அளவில் வந்து, கால் மணித்தியாலத்தில் அடங்கினால் அளவு சரி. மணிக்கணக்கில் நின்றால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், நிற்பாட்டாதீர்கள். முதற் கிழமையில் கொஞ்சம் கூடுவது போல இருக்கும். அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பலனைக் காணச் சில கிழமைகள் பொறுமை வேண்டும்.

அந்த அக்கா இரண்டு மாதம் செய்தார். முதலில் கொடியில் உடுப்புப் போட்டார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். இப்போது ஒழுங்கையில் ஓடுகிறார். பெரிய வீதிக்கு இன்னும் ஏறவில்லை. அவசரமும் இல்லை என்கிறார்.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது?

வரிசை நீளம், வைத்தியருக்கு நேரம் குறைவு. சில இடங்களில் மொழியும் ஒரு தடை. ஆகவே முதல்நாளே ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உதாரணமாக: "பாயில் வலப்பக்கம் திரும்பினால் வீடு சுழலும். அரை நிமிடம் நிற்கும். ஒரு மாதமாக இருக்கிறது. 2009 இல் தலையில் காயம். இடது காது மந்தம். பிரஷர் குளிசை காலையில் ஒன்று." இவ்வளவு போதும். தேவையானால் சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த பிள்ளையைக் கொண்டு மறுபக்கத்தில் எழுதுவியுங்கள். எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்கலாம். 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனால் இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பார்கள்.

குழுவில் உள்ளவர்களுக்கு

உடற்பயிற்சிக் குழு நடத்தும் சகோதரிகளுக்கும் சில வேண்டுகோள்கள். எல்லோரையும் ஒரே வேகத்தில் செய்ய வைக்காதீர்கள். படுத்துச் செய்யும் பயிற்சியை முடியாதவர்கள் கதிரையில் இருந்து செய்யட்டும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். சிலருக்குக் கண்ணை மூடினால் சமநிலை போகும், சிலருக்கு நினைவுகள் வரும். தண்ணீரும் சீனியும் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் சுற்றிக் கூடிநின்று "என்ன, என்ன" என்று கேளாமல், ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். அவர் சத்தி எடுத்தால் அதைக் கதையாக்காதீர்கள். எங்கள் நாக்கு சும்மா இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது போலத்தான்.

ஒரு வீட்டின் பொறுப்பை முழுவதும் சுமக்கும் பெண் விழுந்தால், அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இந்த வருத்தத்தைப் பெரிதாக எடுக்க வேண்டியது அதற்காகத்தான். உங்கள் குழுவில் முதலில் வந்து, பிறகு நின்றுபோனவர் ஒருவராவது இருப்பார். இந்தக் கிழமை அவர் வீட்டுக்கு ஒருக்காப் போய்வாருங்கள். "ஏன் வரயில்லை?" என்று கேட்டால் நேரமில்லை என்பார். "தலை கிலை சுத்துதோ அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். சிலவேளை அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருப்பார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி